உதிரி பாகம் கிடைக்கும் வீடு

லேப்டாப்புக்கு பேட்டரி மாற்றிய நாளிலிருந்து ஆல்பக்காரனின் அக்காவால் தெருமுனைக் கடைவரைகூட நடுவில் உட்காராமல் நடக்க முடியாமல் போனது. லேப்டாப்போ, காலையில் ஒயரைப் பிடுங்கினால் சாயங்காலம்வரை அசராமல் ஓடியது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ரிப்பேர்க்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்: அந்த மாடலுக்குக் கம்பெனி உதிரி பாகம் அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது, இனி வீட்டு ஆட்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும், மனசாரக் கொடுக்கிறவர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தாது. வாரன்ட்டி பற்றிச் சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார். ஆல்பக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, "எங்கிட்ட எடுத்துக்கச் சொல்லுடா, நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போகப் போறேன்?" என்றாள். வேலை அரை மணியில் முடிந்தது.

அவன் தொழில் கல்யாண ஆல்பம் போடுவது. மாப்பிள்ளையின் பருவை எடுப்பான், பெண்ணின் கருவளையத்தை எடுப்பான், குடும்பப் படத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா யாராவது இருந்தால் அவரையும் நறுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரைச்சீலையை இழுத்துவிடுவான். எடுத்த சுவடே தெரியாது. முகத்தைப் பார்த்தால் இந்த வேலை ஓடாது, ஓரத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்தையே பார்த்துப் பழகியதில் எந்த முகமும் அவனை ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. தொழிலுக்கு அது நல்லதுதான். மனுஷனுக்கு நல்லதா என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அடுத்து ஸ்கிரீனில் கோடு விழுந்தது. மனைவி அன்றே சொன்னாள், "அந்தத் தகர டப்பாவைத் தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." அவனுக்கு மனசு வரவில்லை. கைக்குப் பழகிய பொருள், எந்தப் பட்டனை எவ்வளவு அழுத்தினால் போதும் என்று விரலுக்குத் தெரியும் என்றான். ஸ்கிரீன் மாற்றினார்கள், அக்காவின் இடது கண் மங்கியது. கீபோர்டு மாற்றினார்கள், அக்காவின் விரல்களுக்கு உணர்ச்சி போய், சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி வைத்துவிட்டு, கருகின வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். வலிக்கவில்லையாம், அதனால் நல்லதாகப் போயிற்றாம். கொடுக்கிறவள் இப்படி இருந்தால் வாங்குகிறவனுக்கு என்ன கேடு?

ஹார்ட் டிஸ்க் போனபோதுதான் ரிப்பேர்க்காரரே இழுத்தார். "இதுக்கு ஞாபகத்தை எடுக்கணும் சார். எதுக்கும் யோசிச்சுக்குங்க." யோசிக்க அக்கா விடவில்லை. பழசையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தலையைக் காட்டினாள். அதன் பிறகு லேப்டாப்பில் 'அக்கா' என்று ஒரு ஃபோல்டர் தானாக வந்து உட்கார்ந்தது. ஆல்பக்காரன் ஒரே ஒரு தரம் திறந்து பார்த்தான். அப்பா அம்மா தவறிப்போன வருஷம், காய்ச்சலில் துவண்ட அவனை இடுப்பில் சுமந்துகொண்டு அக்கா மழையில் நடக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், தம்பியையும் என்னோடு கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்கிறாள். வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொள்கிறார்கள். அவன் கண் கலங்கியது, பொய்யில்லை. மூடிவிட்டு வேலையைப் பார்த்தான். அக்காவுக்கு அடுப்படி வேலை மறக்கவில்லை. ஆனால் அவன் யார் என்பது மட்டும் அடிக்கடி நழுவியது. அப்போதெல்லாம் வந்து லேப்டாப்பை ஒட்டி உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, "சாப்பிட்டியாடா?" என்பாள்.

கடைசியில் மதர்போர்டு போனது. ரிப்பேர்க்காரர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். இனி எடுத்தால் இதயம்தான், எடுத்தால் அக்கா இருக்கமாட்டாள், ரிப்பேரா புதுசா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அக்கா அப்போதும் எழுந்து முன்னே வந்தாள். ஆல்பக்காரன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "போதும்க்கா, புதுசே வாங்கிடலாம்" என்றான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே மெச்சியது. மனைவிகூட அன்று அவனைப் பெருமையாகப் பார்த்தாள்.

கடையில் பழசைக் கொடுத்தால் புதுசில் தள்ளுபடி உண்டு, அன்றோடு முடிகிற சலுகை. கடைக்காரர் பழசின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஆல்பங்களையெல்லாம் புதுசில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "அக்கான்னு ஒண்ணு இருக்கு சார், மத்த எல்லாத்தையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. ஏத்தினா புதுசு பாதி ரொம்பிடும். சாயங்காலம்வரை ஆகும், ஏத்தவா?" சம்பந்தி வீட்டோடு சண்டை போட்டுக்கொண்ட ஒரு பார்ட்டி, நான்கு பேரைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லி மதியத்துக்குள் கேட்டிருந்தது. ஆல்பக்காரன் திரையைப் பார்த்தான். ஃபோல்டர் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதைப் பார்த்தான். "வேணாம், அழிச்சிடுங்க" என்றான். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். தெரிந்துதான் செய்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்காதான் கதவைத் திறந்தாள். "வாங்க சார், யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முதல் வாரம் அவன், நான்தான்க்கா என்று சொல்லிப் பார்த்தான். அப்புறம் பழகிவிட்டது. அக்கா அதன் பிறகும் பல வருஷம் இருந்தாள், வேளைக்குச் சமைத்தாள், வீட்டுக்காரர் சார் தங்கமானவர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

புது லேப்டாப்பும் காலப்போக்கில் பழசாகி, ஒரு நாள் பேட்டரி உயிரைவிட்டது. அந்த மாடலுக்கும் பாகம் வருவது நின்றிருந்தது. ரிப்பேர்க்காரர் வீட்டுக்கே வந்து வழக்கப்படி கேட்டார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. வளர்ந்த மகன், எனக்கு வேலை இருக்கு என்று உள்ளே போய்விட்டான். கடைசியாக அக்காவிடம் கேட்டார். அவள் நல்ல கண்ணால் ஆல்பக்காரனைக் கொஞ்ச நேரம் பார்த்து, "தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கு அவரை அவ்வளவா பழக்கமில்ல" என்றாள். ரிப்பேர்க்காரர் திருப்புளியைப் பைக்குள் போட்டார். "இந்த வீட்டுல பார்ட்ஸ் கிடையாது சார். இனிமே எது போனாலும் புதுசுதான்." ஆல்பக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.