அத்தான் ஓட்டினால் மட்டும்

நான் பைக் மெக்கானிக். அக்கா புருஷன் வண்டிக்கு வேலை பார்த்தால் பாதி நேரம் பேச்சிலேயே போய்விடும். அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். விடுமுறை நாளில் தன் பெரிய டூரிங் பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்விடுவார். அதில் க்ரூஸ் கன்ட்ரோல் கோளாறு. ஒரு வேகத்தைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால் வண்டி தானாக அதே வேகத்தில் போக வேண்டும். இது கொஞ்ச தூரத்திலேயே கைவிட்டுவிடுகிறதாம். எனக்கு வேலை தெரியவில்லை என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறார். சுருக்கென்றது.

பிரேக்கையோ கிளட்சையோ லேசாகத் தொட்டாலே க்ரூஸ் விட்டுவிடும். அதனால் அந்த ஸ்விட்சுகளைப் புதிதாக மாற்றினேன், வயர்களை மீட்டர் வைத்துச் சோதித்தேன். நான் ஓட்டினால் பிடித்த பிடியை விடுவதில்லை. அவர் ஓட்டினால் விட்டுவிடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கிண்டலடித்தேன். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற மனிதர், அன்று சிரிக்கக்கூட இல்லை.

எதுவும் பிடிபடாவிட்டால் நான் செய்வது ஒன்றுதான். வண்டிக்காரரை முன்னால் விட்டு, வேறு வண்டியில் பின்னால் போவேன். ஆளில்லாத நேர் சாலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவருடைய பிரேக் விளக்கையே பார்த்தேன். க்ரூஸ் போட்டாயிற்று என்று கையைக் காட்டினார். சற்று நேரத்தில் அந்தச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

ஓரங்கட்ட வைத்துக் கேட்டேன். பிரேக்கைத் தொடவே இல்லை என்று சாதித்தார். இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். பிரேக் மிதியின் மேல் அவருடைய வலது ஷூ நுனி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கீழே பார்க்கவில்லை. அவருக்கு முன்பே தெரியும்.

"அந்த ஸ்விட்ச கழட்டி விட்டுடு. அப்புறம் கட் ஆகாதுல்ல?" என்றார் மெதுவாக.

"பைக்குல கழட்டலாம் அத்தான். பஸ்ஸுல எதக் கழட்டுறது?"

டாக்டரிடம் போகவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை என்று மென்று விழுங்கினார். ஸ்டீயரிங் இல்லாவிட்டால் தான் ஒன்றுமில்லாதவன் என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. என் மகள் அந்தப் பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறாள். மாமா பஸ் என்று அவளுக்குப் பெருமை.

"நாளைக்குப் பாப்பாவ நான் அனுப்பல அத்தான்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உன் புள்ளைய நீ நிறுத்திட்ட. மத்த புள்ளைங்கள யாரு நிறுத்துவா?" என்றார். தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஸ்கூல் மேனேஜருக்குப் போன் போட்டுக் குடு. நானே சொல்றேன்."