அண்ணனின் புஷ்

சர்ச்சுக்கு உடுத்திய கறுப்புக் கோட்டோடு, லைல் தன் அண்ணனின் கடைசல் லேத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் டெல்மர் அந்த லேத்தருகேதான் மாரடைத்துச் சரிந்து இறந்தார். கடைசியாக அவர் பிடித்துவைத்த துப்பாக்கிக் குழல் 'சக்'கிலேயே இருந்தது. அது டெல்மரின் மகள் காரின் என்பவளுக்கானது. அடக்கத்துக்குப் போகுமுன் அது நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுவிட்டு, அவள் வாசலிலேயே நின்றாள்.

குழலின் துளை லேத்தின் நடுவில் சரியாக நிற்கிறதா என்று சென்டர் பார்ப்பதில் அண்ணன் தம்பிக்கு என்றுமே ஏழாம் பொருத்தம்தான். டெல்மர், துளைக்கு அளவான புஷ் என்ற சின்ன உலோக வளையத்தைப் பொறுக்கி, கம்பியில் மாட்டி உள்ளே விட்டு, கம்பியின் மேல் ஆட்டத்தைக் காட்டும் டயல் முள்ளை வைப்பார். லைல் நீள முள்ளைத் துளைக்குள்ளேயே விடுவார். போன வருடம் டெல்மர் போட்ட குழல்கள் குறி தப்பின. கம்பி பொய் சொல்லும், கிழவனுக்குக் கை போய்விட்டது என்று லைல் காபிக் கடையில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அதற்குப் பிறகு அந்த மலையடிவாரத்தில் டெல்மரைத் தேடி வந்தவர் குறைவு. மகள் மட்டும் தன் குழலை அப்பாதான் போடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

இப்போது லைலின் டயலில் முள் ஆடியது; குழல் நேராக இல்லை. அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கம்பியை எடுத்துப் பார்த்தார். அதில் மாட்டியிருந்த புஷ் ஓர் அளவு சின்னது; துளைக்குள் தளர்வாக ஆடியது. அடுத்த அளவுக்காக புஷ் பெட்டியைத் திறந்தார். அந்த அளவுக்கான குழி காலியாக இருந்தது.

அந்த புஷ் லைலின் வண்டியில் கிடந்தது. கம்பியைக் கேலி செய்பவர்தான், தன் வேலை ஒன்றைச் சரிபார்க்க யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போய், அப்படியே மறந்திருந்தார். அண்ணனின் குழல்கள் குறி தப்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர் காது மடல் சுட்டது.

"காரின், ஒரு புஷ் என்கிட்ட..."

"தெரியும் சித்தப்பா. அப்பாவுக்கும் தெரியும்."

"கேட்டிருக்கலாமே."

"நானும் அதைத்தான் சொன்னேன். கேட்டா அவனுக்கு அசிங்கமாயிடும், அவனே கொண்டாந்து வைப்பான்னாரு. நீங்க கொண்டாந்து வைக்க அந்தக் குழி காலியா இருக்கட்டும்னு, புதுசு ஒண்ணு கடையறதுக்கும் மனசு வரல அவருக்கு."

காபிக் கடையில் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது சர்ச்சில் உட்கார்ந்திருப்பார்கள். சவப்பெட்டியைத் தூக்குவதில் முன்வரிசைப் பிடி தம்பிக்கு என்று சொல்லியிருந்தார்கள். லைல் அவமானத்தில் தரையைப் பார்த்தபடி நின்றார்.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. காரின் கிட்டே வந்து, எண்ணெய் பட்டிருந்த அவருடைய டையை அவிழ்த்து, கறை உள்ளே மறையும்படி மறுபடி கட்டிவிட்டாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.