வீட்டுக்கொரு நிரை

எனக்கு வாய் பெரிது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்வார்கள். அதனால்தான் விளையாட்டுக் கழகத்துப் பையன்கள் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கொரோனா வந்து ஒன்றரை வருசமாகப் பூட்டிக் கிடந்த தோட்டத்து மைதானம் அன்றுதான் திறந்தது. பெண் பிள்ளைகளின் கிரிக்கெட் இறுதிப் போட்டி. தோட்டத்தில் எங்கள் பிரிவான மேல்கணக்கு அணிக்கு என் மகள் தனுஷிகாதான் கேப்டன். திங்கட்கிழமை அவள் கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். அவள் ஆடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தெடுக்கப் போய்விடுவேன்.

எங்கள் பிள்ளைகள் இரண்டாவதாக மட்டை பிடித்த மூன்றாவது ஓவரில், தலவாக்கலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் மாத்தயா என்று கூப்பிடுகிற ஐயா, கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நிறுத்த மாட்டாரா பின்னே? எல்லைக் கயிற்றோரம் முந்நூறு பேர், ஒருவர் தோளில் ஒருவர். மாஸ்க் எல்லாம் தாடையில் தொங்குகிறது.

“அக்கா, ஒரு வீட்டு ஆளுங்களுக்கும் அடுத்த வீட்டு ஆளுங்களுக்கும் நடுவுல ஒரு மீட்டர் இருக்கணும். ஆடுற பிள்ளைங்ககிட்ட அவங்க வீட்டு ஆளுங்ககூட ஒரு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். பத்து நிமிசம் தர்றேன். இல்லாட்டி மேட்ச் அவ்வளவுதான்.”

ஒலிபெருக்கியில் கத்தினேன். “ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க!” தள்ளினார்கள், எல்லாரும் ஒரே பக்கமாக. எனக்கு வந்ததே கோபம்! நடு மைதானத்தில் தனுஷிகா மட்டையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மைதானத்துக்கு மேலே ஒன்பதாம் நம்பர் மலை, நாங்கள் கொழுந்து பறிக்கிற மலை. அங்கே ஆளுக்கொரு நிரை, ஆளுக்கொரு தேயிலைச் செடி வரிசை. அடுத்தவள் நிரையில் கை வைத்தால் குடுமிப்பிடி சண்டைதான். அங்கே யாரும் யாரையும் இடித்து நான் பார்த்ததே இல்லை. அட, இவ்வளவு நேரம் என் புத்தி எங்கே போயிருந்தது!

“ஏய்! காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வந்ததா நெனச்சுக்கிட்டு எல்லாரும் மலைக்கு ஏறுங்க! வீட்டுக்கு ஒரு நெரை. யாராச்சும் நெரை மாறினீங்க, அப்புறம் எங்கிட்ட நல்லா வாங்குவீங்க!”

பேச்சியம்மா விறுவிறுவென்று தன் நிரைக்குப் போனாள். அவள் புருசன் வீரய்யா தப்பு மேளமும் கையுமாகத் திகைத்து நின்றார். “கொழுந்தெடுக்காத ஆம்பளைங்க எங்க நிக்கிறது?”

“பொண்டாட்டிக்குப் பின்னால நில்லுங்கண்ணே. என்னைக்கும் அங்கதானே நிக்கிறீங்க!”

மலை முழுக்கச் சிரித்தது. எட்டே நிமிசத்தில் எல்லாரும் அவரவர் நிரையில். மாத்தயா அண்ணாந்து பார்த்தார், தலையை ஆட்டினார், ஆட்டத்தைத் தொடர விட்டார்.

கடைசிப் பந்து. மூன்று ஓட்டம் வேண்டும். தனுஷிகா சுழற்றிய சுழற்றில் பந்து கயிற்றைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது. ஐயோ, என் தங்கமே! மலை அலறியது, தப்பு முழங்கியது, ஆனால் ஒருவர்கூட நிரையை விட்டு இறங்கவில்லை. நான்தான் ஓடினேன். ஒலிபெருக்கி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

“நெரை மாறாத, நாகலெட்சுமி!” மலையே சேர்ந்து கத்தியது. மாத்தயாவும் கையைத் தூக்கிவிட்டார். மகளைக் கட்டிப்பிடிக்க நீட்டிய கை நீட்டியபடியே நடு மைதானத்தில் நின்றேன். என் மானமே போனது.

தனுஷிகா சிரித்துக்கொண்டே மட்டையை நீட்டினாள். “புடிங்கம்மா. இது ஒரு மீட்டர் இருக்கும்.”

ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். வீரய்யா அண்ணன் தப்பை நிறுத்தும்வரை ஆடினோம். மாத்தயா அளக்க வரவில்லை.