கை வரையாத படம்

ஏமஸ் திங்கட்கிழமை செத்தான். யாரோ பிரியமாக ஊற்றிக் கொடுத்த விஸ்கியில் விஷம். அந்த வருஷங்களில் அமெரிக்காவின் பாஹஸ்கா ஊரில் எண்ணெய்ப் பணம் வந்த ஓசேஜ் பழங்குடிக்காரன் எவன் கிழவனாகிச் செத்தான்? அவன் அக்கா வீஹேவுக்கு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. மறுநாள் உச்சிவேளையில் அடக்கம். முகத்தில் குலத்துச் சிவப்பு பூசியாயிற்று. உடுப்புதான் இல்லை. நீர்நாய்த் தோல் தொப்பி, பட்டு நாடா தைத்த சட்டை, மணி கோத்த இடைவார், எல்லாம் செத்துப்போன அப்பாவுடையவை. அவை இல்லாமல் போனால் மேலே இருக்கும் முன்னோர்களுக்கு இவனை அடையாளம் தெரியாது. யாரோ எவனோ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உடுப்பு ஓவியன் ஹார்ட்விக்கிடம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்த ஏமஸ், மீதியை வரைய வேண்டும் என்று ஓவியன் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிற அசடு.

வீஹே முதலில் கார்டியனிடம் போனாள். தம்பியின் பணத்தைப் பார்த்துக்கொள்ள என்று அரசாங்கம் அவன் தலையில் கட்டிவைத்த வெள்ளைக்காரன். சாப்பாட்டிலிருந்து நிமிரவே இல்லை. செத்தவனுக்கு ஒரு கோட்டு போதாதா என்றான். உடுப்பை நீயே வைத்துக்கொள் என்று ஓவியனிடம் முன்பே சொல்லிவிட்டானாம்.

அங்கிருந்து ஓவியனின் மாடிக்கு ஏறினாள். உள்ளே கீழ்க்கடையில் முடிவெட்டுகிறவன், புகையிலை மென்றபடி, தம்பிக்குப் பதிலாக அப்பாவின் தொப்பியும் சட்டையுமாகப் படத்துக்கு உட்கார்ந்திருந்தான். தடித்த உடம்பு. சட்டையை முதுகில் கிழித்து, ஊசி குத்தி மாட்டிவிட்டிருந்தார்கள்.

"ஐயா, தம்பிக்குப் போட்டுவிடணும். குடுத்துடுங்க."

"கை மட்டும்தாம்மா பாக்கி. வெள்ளிக்கிழமை வா, தரேன்."

"வெள்ளிக்கிழமை அவன் மண்ணுக்குள்ள இருப்பான்."

"அப்புறம் அவனுக்கு எதுக்கு அது?"

நக்கல்கூட இல்லை. நிஜமாகவே கேட்டான், பாவி.

வீஹே படத்தைப் பார்த்தாள். தொப்பியும் நாடாவும் இடைவாருமாகத் தம்பி அப்படியே இருந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மேஜையில் கிடந்த வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்து, சட்டத்தை ஒட்டி நாலு பக்கமும் அறுத்தாள். ஓவியன் அவளைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினான். முடிவெட்டுகிறவன் எழுந்த வேகத்தில் ஊசிகள் முதுகில் ஏறின, அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குள் அவள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் ஏமஸைக் கோட்டு போட்டுத்தான் கிடத்தினார்கள். அதன்மேல் அவள் படத்தைப் போர்த்தினாள். இன்னும் காயாத சாயம் அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. இனி அவனை யாரும் திருப்பி அனுப்ப முடியாது என்று கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது.

மண் தள்ளும்போதுதான் கண்ணில் பட்டது. படத்தில் மணிக்கட்டுக்குக் கீழே வரையாத வெறும் துணி. அப்பா இவனைக் கண்டுகொள்வார். வாடா என்று கையை நீட்டுவார். இவன் எதை நீட்டுவான்?