வெயில் படாத இடம்

அம்மாவின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்ற மகளுக்கு வரவில்லை. வார் விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா வந்து ஒரே இழுப்பில் கழற்றிக் கொடுத்துவிட்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்து "அய்யோ" என்றாள். கடிகாரம் இருந்த இடத்தில் மட்டும் தோல் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது போல வெளுத்து, மழமழவென்று இருந்தது.

மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. காலையில் ஆய்வுக்கூடத்தில், தட்டில் வளரும் தோல் செல்களுக்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். "அம்மா விழுந்துட்டா" என்றார். எங்கே விழுந்தாள், காலில் அடியா, கட்டுப் போட்டார்களா என்று இவள் வரிசையாகக் கேட்டாள். மாமா மறுபடியும் "விழுந்துட்டாம்மா" என்று மட்டும் சொன்னார். டாக்சியில் பாதி தூரம் வந்த பிறகுதான் கையுறையைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது.

அம்மா போக்குவரத்துக் காவலர். நான்கு சாலைகள் கூடும் இடத்தில், நடு மேடையில், முப்பது வருஷம் நின்றவள். இன்றைக்கும் கையை உயர்த்தி ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தியிருக்கிறாள். பிறகு அப்படியே சரிந்தவள் எழவேயில்லை. கூடத்துக் கட்டிலில் சீருடையோடே கிடத்தியிருந்தார்கள். யார் உள்ளே வந்தாலும் மாமா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு வண்டிகூட நகரலையாம். எழுந்து கையைக் காட்டுவான்னு நின்னுட்டே இருந்தாங்களாம்."

மகளுக்கு வேலையே தோல்தான். தோல் ஏன் கிழடாகிறது என்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். வெயிலின் கதிர்கள் தோலுக்குள் இறங்கினால் அங்கே சில நொதிகள் விழித்துக்கொள்ளும். தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகளை அவை கத்தரித்துத் தள்ளும். புது இழை நெய்ய வேண்டிய செல்கள் ஒரு கட்டத்தில் சோர்ந்துபோகும். சாகாது, பெருகாது, சும்மா இருந்துகொண்டு பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். இதை ஒருநாள் அம்மாவிடம் விளக்கியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எங்க ஸ்டேஷன்ல மூணு பேர் அப்படித்தான் இருக்கானுங்க. அவனுங்க தோலை எடுத்து ஆராய்ச்சி பண்ணு."

டெய்லரம்மா தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள். எதற்கு விசிறுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

"பெரியம்மாவுக்குச் சொல்லியாச்சு. கிளம்பிட்டாளாம்" என்றார் மாமா.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெரியம்மாவும் அம்மாவும் இரட்டையர்கள். ஒரே அச்சு. முதலில் பிறந்த பெரியம்மாவுக்குத் தொலைபேசி நிலையத்தில் இரவு வேலை. பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். மாமா வீட்டுக் கல்யாணத்தில் போட்டோ எடுக்க வந்தவன் அம்மாவைப் பார்த்து, "பெரியவங்க உட்காருங்க, உங்க பொண்ணு பின்னாடி நிக்கட்டும்" என்றான். அந்தப் 'பொண்ணு' பெரியம்மா. அவள் சிரித்துவிட்டாள். அம்மா உட்காராமல் மண்டபத்தை விட்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவேயில்லை.

போன வாரம்கூட, முகம் கழுவித் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "நான் போயிட்டேன்னா மூஞ்சிய மூடிடு. அவ பக்கத்துல வந்து நிப்பா, எல்லாரும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. அவ பாக்கவே கூடாது." துண்டுக்குள்ளிருந்து வந்த குரலில் விளையாட்டு இல்லை. "சரிம்மா" என்று இவள்தான் விளையாட்டாகச் சொல்லிவைத்தாள்.

மகள் அலமாரியிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து வந்து அம்மாவின் முகத்தை மூடினாள்.

"என்ன பண்ற? எல்லாரும் பாக்க வேணாமா?" என்றார் மாமா.

"அப்புறம் எடுக்கிறேன் மாமா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டெய்லரம்மா நிமிர்ந்தாள், கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது. வருவது யாரென்று மாமாவுக்குத் தெரியும், அவரே சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா உள்ளே வந்தாள். நெற்றியில் கோடு இல்லாத, கன்னம் தொங்காத அம்மா. மகள் "அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது பெரியம்மா என்று தெரிந்தது.

பெரியம்மா யாரையும் பார்க்காமல் நேராகக் கட்டிலுக்கு வந்தாள்.

"துண்டை எடு."

"மாட்டேன் பெரியம்மா."

"எடுடி. நான் அவளைப் பாக்கணும்."

"அம்மா வேண்டாம்னாங்க. நீங்க பாக்கக் கூடாதுன்னாங்க."

"இதெல்லாம் பேசுற நேரமா?" என்று மாமா பாய்ந்து வந்தார். பெரியம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அம்மா வண்டிகளை நிறுத்தும் அதே மாதிரி. மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த போட்டோவுக்காகவா?" என்றாள் பெரியம்மா.

மகள் தலையசைத்தாள்.

"எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி. அதான் சிரிச்சேன். ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அதுக்காக..."

துண்டைத் தொட நீண்ட கையை இழுத்துக்கொண்டாள். இதோடு திரும்பிப் போய்விடுவாளோ என்று மகளுக்குப் பயம் வந்தது. அம்மா கேட்டதைச் செய்தாயிற்று, ஆனால் இவளை இப்படியே எப்படி அனுப்புவது? என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே குனிந்து அம்மாவின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். கை விறைத்து, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. முழங்கைக்குக் கீழே கறுத்துச் சுருங்கிய தோல். சட்டை மறைத்த மேற்கையின் உள்பக்கம் பளிச்சென்று இருந்தது. நடுவில் பருப்பளவு ஒரு தழும்பு.

"இங்க வெயில் படாது. இதைப் பாருங்க பெரியம்மா."

பெரியம்மா தழும்பைப் பார்த்தாள். "உன் ஆராய்ச்சிக்கு இவளும் தோல் குடுத்தாளா?"

"உங்களுக்கு முன்னாடியே. இரட்டையர் தோல் வேணும்னு கேட்டேன், உடனே வந்தாங்க. உங்களோடது எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுதான். ரெண்டு தட்டையும் பக்கத்துல வெச்சா எது யாரோடதுன்னு எங்களால சொல்ல முடியல."

"அவகிட்ட சொன்னியா?"

கூடத்தில் எல்லாரும் மகளைப் பார்த்தார்கள்.

"ஒருத்தரோடதை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது பெரியம்மா. அது எங்க விதி."

சொல்லி முடித்ததும்தான், அந்த விதிக்காக அம்மாவைக் கடைசிவரை தெரியாமலே போகவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

பெரியம்மா கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, தன் கையைத் தங்கையின் கையோடு ஒட்டி வைத்தாள். இரண்டு தழும்பும் அருகருகே வந்தன. அந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே கைதான். பிறகு கட்டைவிரலால் தங்கையின் தோலை மெல்ல அழுத்தி எடுத்தாள். தன்னுடையதையும் அழுத்தி எடுத்தாள்.

அழுத்திய இடம் இரண்டிலும் வெளுத்தது. பெரியம்மாவும் மகளும் மாமாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் மட்டும் நிறம் திரும்பி வந்தது.