பாதி மூச்சில் நின்ற வசனம்

நிமோனியாவில் படுத்த யூசுப் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து அந்த வீட்டில் பொழுது விடிவதே தெரியவில்லை. அதற்கு முன்னால் விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு குர்ஆனைப் பலகையில் விரித்து ஓத ஆரம்பித்துவிடுவார். கோவில்பதாகையில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி அந்தக் குரலைக் கேட்டுத்தான் எழுந்து பாலை அடுப்பில் வைப்பாள்.

"இன்னா மைமூன், அண்ணாத்தே சத்தமே காணோம்? நான் பாட்டுக்குத் தூங்கிடறேன். பசங்க டெய்லி லேட்டு" என்று மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவள் கேட்டாள்.

"மூச்சு வாங்குதுக்கா" என்று யூசுப்பின் மனைவி மைமூன் சமாளித்துவிட்டு இறங்கி வந்தாள்.

மூச்சு மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். மனுஷன் ஐவேளையும் தொழுகிறார். ஆனால் உதடு மட்டும்தான் அசைகிறது. பள்ளிவாசல் பக்கம் தலைகாட்டுவதில்லை. காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டுவார், குர்ஆனைத் திறக்காமலே எழுந்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து பாதி ஆளைத்தான் கூட்டிக்கொண்டு வந்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, ஏன் ஓதுவதில்லை என்று கேட்டுவிட்டாள்.

"வந்த மறுநாளே ஓதிப் பாத்தேன். நீ கடைக்குப் போயிருந்தே. ஒரு வசனத்துல மூச்சு அறுந்துபோச்சு" என்றார்.

"எந்த இடத்துல?"

போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று சொல்லும் வசனம் அது. அரபியில் 'தொழுகையை நெருங்காதீர்கள்' என்பது முன்னால் வரும், போதை பின்னால் வரும். நடுவில் நிறுத்தினால் தொழவே வேண்டாம் என்றாகிவிடும். ஓதப் பழகுகிற எல்லோரையும் இந்த இடத்தைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். யூசுப்புக்குச் சரியாக அங்கேதான் மூச்சு நின்றிருக்கிறது.

"இத்தினி வசனம் கீது, அங்க வந்து அல்லா நிறுத்திட்டான் பாரு. கிட்ட வராதே, நீ ஓதினது போதும்னு சொல்ட்டான்."

மைமூனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட கறார்ப் பேர்வழி இவர். பேக்டரியில் போல்ட் சரியாக முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். கல்யாணமான புதிதில் அவள் ஓத உட்கார்ந்தால், நிற்கவேண்டிய இடத்தில் ஓடினாலும் ஓடவேண்டிய இடத்தில் நின்றாலும் உள்ளேயிருந்து அதட்டல் வந்துவிடும். அந்தக் கடுப்பில் பலமுறை சால்னாவில் உப்பைக் கூட்டிப் பழிதீர்த்திருக்கிறாள். அந்த ஆளா இப்படி ஒடுங்கிப்போனார்? வாயால் சொன்னால் கேட்கிற ஜென்மமும் இல்லை.

மறுநாள் காலை, அவர் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பலகை முன்னால் உட்கார்ந்து அதே வசனத்தை எடுத்தாள். வேண்டுமென்றே தப்பாக நிறுத்தினால் பாவம். அதனால் முதலில் மூச்சையெல்லாம் வெளியே விட்டாள். மிச்சம்மீதி இருந்ததை வைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள். அந்த இடத்தைத் தொடுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே நின்றாள், நிஜமாகவே முடியாமல்தான் நின்றாள்.

"ஏய், அங்க நிக்காதே" என்றார் யூசுப். கண்ணாடி கையிலேயே இருந்தது. "ரெண்டு வார்த்தை பின்னால போ. சேத்து ஓது."

"மூச்சு போயிடுச்சி, இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"மூச்சு போனா நின்னுதான் ஆவணும், அது குத்தம் இல்ல. அப்டியே உட்டுட்டு எழுந்து போறதுதான் குத்தம். எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் உனுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மைமூன் பலகையை மெதுவாக அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

"எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து நீங்க அந்த எடத்துலயே நின்னுகினு கீறீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வசனத்தில் விரலை வைத்தார். பிறகு ஆரம்பித்தார். பாழாய்ப்போன மூச்சு மறுபடியும் சரியாக அதே இடத்தில் காலை வாரியது. இருமல் வந்தது. எழுந்துவிடுவாரோ என்று மைமூன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்னால போங்க" என்றாள், அவர் முதுகைத் தடவிக்கொண்டே. "சேத்து ஓதுங்க."

யூசுப் இரண்டு வார்த்தை பின்னால் போனார். மூச்சை இழுத்துக்கொண்டு, சேர்த்து, அந்த இடத்தைத் தாண்டினார். பழைய கணீர்க் குரல் இல்லை. கரகரவென்று இருந்தது, அடுத்த வரியில் மறுபடி நின்று மறுபடி பின்னால் போனது. அந்தக் குரல் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று மைமூனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தாட்சாயிணி அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.