தொமாசா தொட்ட துணி

தொமாசாவின் உடம்பில் பட்ட துணியெல்லாம் கறுத்துவிடும். அவளைப் பெற்றதும் அம்மா கண்ணை மூடினாள்; பிள்ளையைச் சுற்றிய வெள்ளைத் துணி அந்த நிமிடமே கரியானது. 1861-ஆம் வருடம் அது, ஆற்றில் தண்ணீர் குறைவு, புகையிலைக்கு நல்ல விலை. கந்தெலாரியா ஊரின் ஒரே துணிக்கடைக்காரரான அவள் அப்பா பெலிசாரியோ அந்தத் துணியைக் கசக்கி, சாயம் போகிறதா என்று பார்த்தார். மறுநாள் சாயக்காரனை வேலையிலிருந்து நிறுத்தினார். காலராவும் உள்நாட்டுச் சண்டையும் மாறி மாறி வந்த ஊரில் துக்கத்துணி விற்பனையைக் கேட்பானேன். பத்து வயதிலிருந்து தொமாசா கடையின் பின்னறையில் உட்கார்ந்து துணிச் சுருள்களை மடியில் போட்டு எடுத்தாள். பாதி மாகாணம் அவளால் கறுப்பு உடுத்தியது.

பத்தொன்பது வயதில் அவளைப் பெண் கேட்டான் நிக்கனோர், கோவேறு கழுதைகளில் சரக்கு கொண்டுவருகிறவன். பெலிசாரியோ சரியென்றார். அந்த வாரமே ஹவானாவிலிருந்து கடிதம் வந்தது, அத்தை போய்விட்டாளாம். துக்க வீட்டில் கல்யாணம் கிடையாது. அத்தைக்கு மூன்று வருடத் துக்கம் முடிந்ததும் பெரியப்பா செத்தார். அவருக்கு முடிந்ததும், ஆற்றின் மேல்பக்க ஊரில் இருந்த தாய்மாமா ஃபப்ரீசியோ.

"உங்க சொந்தக்காரங்க எல்லாம் நான் பொண்ணு கேக்கட்டும்னுதான் சாகாம காத்திருந்தாங்களா?" என்றான் நிக்கனோர். தொமாசாவுக்குக் கோபம் வந்தது. அவள் ஒவ்வொருவருக்காகவும் ஒன்பது நாள் ஜெபம் சொல்லி, முகம் வீங்க அழுதவள். ஆனாலும் அவன் போய்விடுவானோ என்ற பயம் அவளைத் தின்றது. வயது இருபத்தெட்டு.

அந்தப் பயத்தோடு அவள் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஃபப்ரீசியோ மாமா குடையை மடக்கியபடி கடைக்குள் வந்தார்.

"மச்சான், ஒரு கால்சட்டை எடுங்க. படகுல உக்காந்து உக்காந்து இது கிழிஞ்சே போச்சு." பிறகு பின்னறை வாசலில் நின்றவளைப் பார்த்தார். "என்னம்மா இது, தலையில துக்க முக்காடு? யாரு செத்தது?"

"நீங்கதான் மாமா."

மூன்று சாவுச் செய்தியும் அப்பா படித்துக் காட்டிய கடிதங்களில்தான் வந்திருந்தன. ஒன்பது வருடக் கண்ணீர், அத்தனையும் பொய்க்கு. அப்பா முழக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. தொமாசா கடைக்குள் வந்தாள். அலமாரி அலமாரியாக உள்ளங்கையை இழுத்துக்கொண்டே நடந்தாள். நீலம், மஞ்சள், லிஸ்பனிலிருந்து வந்த பூப்போட்ட சீட்டித் துணி, எல்லாம் அவள் பின்னால் கறுத்துக்கொண்டே வந்தன. கடைசியில், துக்கத்துக்குக் கையில் கறுப்புப் பட்டி மட்டும் கட்டியிருந்த அப்பாவின் வெள்ளைச் சட்டையில் கை வைத்தாள்.

"இனிமே எனக்காகத் துக்கம் காத்துக்கோங்கப்பா. மூணு வருஷம்."

சனிக்கிழமை கறுப்பு உடுத்தி நிக்கனோரைக் கட்டிக்கொண்டாள். செத்துப்போன மாமாதான் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். விருந்தில் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டார். அடுத்த கப்பல் வரும்வரை ஊரில் எல்லா மணப்பெண்களும் கறுப்புதான் கட்டினார்கள். பெலிசாரியோ எந்தச் சட்டை போட்டாலும் பொத்தான் மாட்டுவதற்குள் கறுத்தது. மகள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். ஆனால் இறந்தவர்களுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை என்பதால் அவர் அவளைப் பார்த்தும் பேசாமல் கடந்தார்.

மூன்று வருடம் முடிந்த மறுநாள் அவர் போட்ட சட்டை வெள்ளையாகவே இருந்தது. நேரே சந்தைக்கு ஓடினார். எதிரே இடுப்பில் பிள்ளையோடு தொமாசா வந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் அந்த இடத்தில் யாருமே இல்லாததுபோல் நடந்து போனாள். பெலிசாரியோ கடைக்குத் திரும்பி, வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கறுப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். யாருக்கு என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.